பராக்கின் மூக்குக்கண்ணாடி

அவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கடைக்குப் போய்வா என்று அனுப்பினால் பாதி வழியில் எதையாவது வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிற பிள்ளையை யார் பேர் சொல்லிக் கூப்பிடப்போகிறார்கள்? பராக்குப் பார்க்கிற கழுதை என்று அப்பா திட்டினார். நாளடைவில் கழுதை உதிர்ந்துபோய்ப் பராக்கு மட்டும் மிஞ்சியது. கல்யாணமாகி வந்த வீட்டுக்கும் அந்தப் பேர் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

புருஷனை ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டது. கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர். இடிபட்டு வருகிற வண்டியை மற்றவர்கள் தட்டி நிமிர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குமேல்தான் இவர் வேலை. வண்டியின் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். நிறத்தைக் கலந்து, துளி எடுத்து ஒரு சின்னத் தகட்டில் அடித்துக் காயவைத்து, மூடியையும் தகட்டையும் வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். எது பழசு எது புதுசு என்று தெரியாமல் போனால்தான் வண்டிமேல் கை வைப்பார். பெண் நிறத்தைப் பார்த்தால் நின்றுவிடுகிறவள், மாப்பிள்ளைக்கு நிறம்தான் பிழைப்பு, பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம் என்று சொந்தக்காரர்கள் பூரித்துப்போனார்கள். சொந்தக்காரர்களுக்கு என்ன, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்விட்டார்கள்.

மாஸ்டருக்கு நிறம் என்றால் பட்டறையோடு சரி. பட்டறை வாசலைத் தாண்டினால் சாயங்கால வானமும் ஒன்றுதான், சாக்குப்பையும் ஒன்றுதான். பராக்குக்கு அப்படியில்லை. அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை பார்த்தாள். விடிந்தால் விரிப்பு, பொழுது அடைந்தால் விரிப்பு. எல்லாம் வெள்ளை. அதை விட்டால் ஆபரேஷன் அறைத் துணிகளின் சோகை பிடித்த பச்சை. மனுஷிக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். அதிலும் அவள் ஏதாவது கண்டுபிடித்து வைத்திருப்பாள். சோப்பு நுரையின் விளிம்பில் ஊதாவும் ரோஸும் ஓடுவதைக் காட்டுவாள். மேலே உயரத்தில் இருக்கிற கண்ணாடி வழியாக வெயில் இறங்கி ஈர விரிப்பில் விழுகிற நேரத்தில், "அக்கா, ஓடி வாங்க, தங்கம் கொட்டுது" என்பாள். பக்கத்து மேசையில் தேய்க்கிற இஸ்திரி அக்கா, "தங்கத்த அள்ளி மடியில கட்டிக்க, எனக்கு இன்னும் நாலு கட்டு கெடக்கு" என்பாள். ஆனாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். பராக்குக்கு அது போதும்.

அவளுடைய கோளாறே அதுதான். பார்த்ததை யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்குப் பார்த்த மாதிரி இருக்கும். சொல்ல முடியாமல் போனால் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி நாளெல்லாம் தவிப்பாள்.

மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புருஷனும் பெண்டாட்டியும் போய் வருவார்கள். ஜன்னலோரம் அவளுக்கு. சண்டை போட்டு வாங்கிய உரிமையில்லை. ஜன்னலோரம் வெயிலடிக்கும் என்று அவரே ஒதுக்கிவிட்ட இடம். பஸ் கிளம்பியதும் ஆரம்பித்துவிடுவாள். "என்னங்க, அந்தத் தண்ணித் தொட்டி துருவப் பாருங்க, பழுத்த பழம் மாதிரி." "என்னங்க, கடை வாசல்ல பிளாஸ்டிக் வாளிய அடுக்கியிருக்கான் பாருங்க, செவப்பு மேல மஞ்சள், மஞ்சள் மேல பச்சை, கொடை ராட்டினம் தோத்துச்சு." அவர் கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்பார். அந்த "ம்"மில் பாதி தூக்கம், பாதி சலிப்பு. இருந்தாலும் ஒரு ஆள் காதில் வாங்கிக்கொண்டார் அல்லவா, அதை வைத்துக்கொண்டு அவள் அடுத்ததற்குப் போய்விடுவாள்.

பாதி வழியில் ஒரு வளைவு வரும். வளைவு தாண்டினதும் ரோட்டோரம் ஓட்டு வீடு ஒன்று. வீட்டில் ஒன்றுமில்லை, சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடக்கும். ஆனால் கதவு! யாருக்கு வந்த ஆசையோ, அந்த இடிஞ்ச வீட்டுக்கு அப்படியொரு நீலத்தில் கதவு. காலை வெயில் பட்டால் கதவைத் திறந்து வைத்த மாதிரி இருக்காது, வானத்தைத் திறந்து வைத்த மாதிரி இருக்கும். "நம்ம முன்ரூமுக்கு இந்த நீலம் அடிச்சுத் தாங்களேன்" என்று வருஷக்கணக்கில் கேட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறவர் வீட்டுச் சுவர் அழுக்கு மஞ்சளில் அப்படியே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைவு தாண்டியதும் வழக்கம்போல, "என்னங்க, நம்ம நீலக் கதவு" என்றாள்.

அன்றைக்கென்று அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "நீலமா? அது பச்சைடி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாஸ்டர் கிண்டல் செய்கிற ஆளில்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "எதுக்குச் சிரிக்கிற? இதே வேலையில முடி நரைச்சவன்கிட்ட நீலம் பச்சை சொல்லித் தர்றியா?" என்று எரிந்து விழுந்தார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தும் மனுஷன் விடவில்லை. கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி நிறையப் பழைய தகடுகள் வைத்திருந்தார். அதைத் தரையில் பரப்பிப் போட்டு அவளை எதிரில் உட்காரவைத்தார்.

"இது என்ன?"

"வெள்ளை."

"இது?"

"அதுவும் வெள்ளைதான், லேசா மஞ்சள் தட்டியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்டி! இது?"

"ஊதா."

"கறுப்பு!"

அவள் அந்தத் தகட்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஊதாதான். கத்தரிக்காய்த் தோல் மாதிரி பளபளவென்று ஊதா. நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். இத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள், அன்றைக்குத்தான் அந்தக் கண்ணை உற்றுப் பார்த்தாள். கருவிழி நடுவில் தேநீர்மேல் ஆடை கட்டின மாதிரி ஏதோ மங்கலாகத் தெரிந்தது. சலவைப் பகுதியில் இருந்தாலும் ஆஸ்பத்திரிக்காரிதானே, கண்ணில் புரை விழுந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். "என்னங்க" என்று ஆரம்பித்தாள். "உனக்குத்தான் கண்ணு போச்சு. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்று அவர் முடித்துவிட்டார்.

அக்கிரமம் என்றால் இதைவிட வேண்டுமா? கண் கெட்டவர், கண் நன்றாக இருக்கிறவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனார்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், நிறப் புள்ளிப் படங்களைக் காட்டினார். பராக்கு மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். "கண்ணு ரெண்டும் அருமையா இருக்கும்மா. வயசாகுதுல்ல, கிட்டத்துல படிக்க, ஊசி நூல் கோக்க மட்டும் ஒரு கண்ணாடி எழுதறேன். தூரத்துக்கு வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

பராக்கு எழுந்திருக்கவில்லை. நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "டாக்டர், இவரையும் ஒரு தடவ பாத்திருங்களேன். இவருக்குத்தான் நீலம் சரியாத் தெரிய மாட்டேங்குதோன்னு எனக்குப் பயமா இருக்கு."

மாஸ்டர் சிரித்த சிரிப்பு வெளியில் காத்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். "எனக்கா? என் கண்ண வச்சுத்தான் பட்டறையே ஓடுது. கெளம்பு கெளம்பு, கண்ணாடி வாங்கிட்டுப் போவோம்."

கிட்டப் பார்க்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூரத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? ஈரத் துணியால் துடைத்த மாதிரி எல்லாம் கலங்கிப்போகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவள் கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தாள். "எங்க கண்ணாடி? வாங்கினது மூக்குல இருக்கணும், பைல இருக்கறதுக்கா?" என்றார். "டாக்டரம்மா படிக்கறதுக்குத்தான்..." என்று இழுத்தாள். "போடுடி." போட்டுக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி வந்தது, ஏதோ செம்மண் குழம்பு போயிற்று. வாளிக் கடை வந்தது, வெறும் சேறு. வளைவும் வந்தது. "இப்ப என்ன கலர் தெரியுது?" என்று அவர் கேட்டார். பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி குரலில் ஒரு குஷி.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். அவர் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் ஏறின பெயின்ட், எந்தத் தின்னரை ஊற்றித் தேய்த்தாலும் போகாத பெயின்ட். இந்த மனுஷனிடமிருந்து நிறத்தைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? டாக்டரம்மா முன்னால் சொல்லியும் கேட்காதவர் பஸ்ஸில் சொன்னால் கேட்கப்போகிறாரா?

"பச்சைதாங்க," என்றாள்.

"ஆங்! அப்படி வா வழிக்கு," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் குறட்டை வந்த பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிவிட்டு, மேல்வழியாக எட்டிப் பார்த்தாள். மஞ்சள் பூத்த வயல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "என்னங்க" என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் அவள் நிறத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

விட்டுக்கொடுத்தால் அதோடு முடியும் என்று நினைத்தாள், பாவம். அவள் வழிக்கு வந்த சந்தோஷத்தில் மாஸ்டருக்குப் பெண்டாட்டிமேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. ஒரு நாள் அவள் வேலை முடிந்து வருவதற்குள் முன்ரூமில் சாமானெல்லாம் நகர்த்தி, சுவர் நாலையும் அடித்து முடித்து, தலையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். "நீ கேட்ட நீலம். எத்தனை நாளாக் கேட்ட!"

நீலமா அது? அவர் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறவரைக்கும் நீலத்தின்மேல் நீலத்தையும் ஊதாவையும் கொட்டிக் கலந்திருந்தார். அடிபட்டுக் கன்றிப்போன தோல் மாதிரி ஒரு கருஊதா. நாலு சுவரிலும். வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படியொரு ஆவலை அந்த முகத்தில் பார்த்ததில்லை.

"நல்லாருக்குங்க," என்றாள்.

மகள் வந்தபோது வாசலிலேயே நின்று, "அய்யய்யோ, என்னம்மா இது கலரு?" என்று கத்திவிட்டாள். பராக்கு அவள் கையை நறுக்கென்று கிள்ளினாள். "அப்பா ஆசையா அடிச்சது. வாய மூடு." மகள் மூடிக்கொண்டாள். அந்த அறையில் பகலிலும் விளக்குப் போடவேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வாய் பேச வழியில்லை, வீட்டுக்கு வந்தாலும் இந்த இழவு என்று ஆனபிறகு, வேலை முடிந்தாலும் அவளுக்குக் கிளம்ப மனசு வராது. "வீட்டுக்குப் போகலையாடி?" என்று இஸ்திரி அக்கா கேட்பாள். "இந்த வெள்ளைய இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன்க்கா" என்பாள் பராக்கு. எந்த வெள்ளை அவளைப் பைத்தியமாக்கப் பார்த்ததோ அந்த வெள்ளையை!

பட்டறையில் வெடித்தது மழைக்கு முந்தின ஒரு மாசத்தில். இளநீல வண்டி ஒன்று. ஒரு பக்கக் கதவு மட்டும் மாஸ்டர் அடித்தது. வண்டிக்காரர் வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "கதவ வேற வண்டில இருந்து கழட்டி மாட்டினீங்களா?" என்று கேட்டாராம். மாஸ்டர் எகிறினார். முதலாளி பட்டறை ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். ஒவ்வொருத்தராகத் தலையைக் குனிந்துகொண்டு "வேறதான் தெரியுது மாஸ்டர்" என்றார்கள். டீ கொண்டு வந்தவன்கூடச் சொன்னான். "இது மொதல் வண்டி இல்ல மாஸ்டர், உங்க மொகத்துக்காக நாலஞ்சு வண்டிய வேற ஆள வச்சு மறுபடி அடிச்சேன்," என்றார் முதலாளி. அதைத்தான் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. பட்டறையில் இருந்த தன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார், அதோடு வேலையும் போயிற்று. அந்த ஊதா அறையில் சுவரைப் பார்க்க உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பராக்கு பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளும் அழுதாள்.

மகள்தான் வந்து மல்லுக்கட்டி டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். இரண்டு கண்ணிலும் முற்றின புரை. ஒரு கண்ணுக்கு முதலில் ஆபரேஷன். பராக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். சொட்டு மருந்து விட்டாள், தலைக்கு ஊற்றாமல் கழுத்தோடு குளிப்பாட்டினாள், குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டினாள். அவள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வருவார், சுவரைப் பார்ப்பார், "ஏன்டி, எனக்காகவா இத்தனை நாள் பொறுத்துக்கிட்ட?" என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். பைத்தியக்காரி.

கட்டுப் பிரித்த அன்று வீட்டுக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றார். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். மறு கண்ணைப் பொத்திப் பார்த்தார். சுவரில் கை வைத்துத் தடவினார்.

"இந்தக் கண்றாவியவா நான் அடிச்சேன்?"

அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியுங்க."

"நல்லாருக்குன்னு சொன்னியேடி! கதவு பச்சைன்னு சொன்னியே! நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு வேலை போயிருக்குமா? அத்தனை பேரு முன்னாடி நின்னு கேவலப்பட்டிருப்பேனா?"

"சொன்னேங்க. டாக்டரம்மா முன்னாடியே சொன்னேன். நீங்கதான் சிரிச்சீங்க."

"அவங்ககிட்டதான சொன்ன? எங்கிட்ட சொன்னியா? என் சட்டையப் புடிச்சு உலுக்கிச் சொல்ல வேணாம்? கட்டினவளே கழுத்தறுத்துட்டா." யோசித்து வைத்திருந்த பதிலை அவள் வைத்திருந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

இன்னொரு கண்ணும் சரியானது. பட்டறையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. திரும்ப வேலை கேட்டுப் போனவருக்கு முதலாளி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாஸ்டர் இதே பாட்டைப் பாடினார்: "எம் பொண்டாட்டி வாயத் தொறக்காம இருந்தே என் வேலைக்கு உலை வச்சுட்டா." கேட்டவர்கள் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். சிலபேர் "ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்கவும் செய்தார்கள். முன்ரூமுக்கு வேறு நிறம் அடித்தார். என்ன நிறம் வேண்டும் என்று அவளைக் கேட்கவில்லை. வெள்ளை அடித்தார். "வெள்ளைன்னா இவ்வளவு வெள்ளையா இருக்கும்னே மறந்துட்டேன்டி" என்று நின்று நின்று பார்த்தார். ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் வெள்ளையை மடித்துவிட்டு வந்து, வீட்டிலும் வெள்ளைக்கு நடுவில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறியதும், "தள்ளு, நான் ஜன்னலோரம் உக்காந்துக்கறேன்" என்றார். உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. மனுஷனுக்கு வாய் மூடவில்லை. "ஏய், அந்தத் தொட்டியப் பாரு, துரு எப்படி செவந்து கெடக்கு!" "வாளியப் பாருடி, என்னமா அடுக்கியிருக்கான்!" "இதெல்லாம் எப்பவும் இங்கதான் இருந்துச்சா?" அவர் சின்னப் பிள்ளை மாதிரி அவள் கையைப் பிடித்து உலுக்கினார். இத்தனை வருஷம் யாரிடம் சொல்லித் தீர்த்தாள் அவள்? அந்த "ம்" எல்லாம் யாருடைய வாயிலிருந்து வந்தது? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னுடைய பெட்டியை வேறு யாரோ திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, தன்னிடமே காட்டுகிற மாதிரி இருந்தது.

வளைவு வருவது தெரிந்ததும் அவள் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்தாள். துடைத்து நன்றாக அழுத்திப் போட்டுக்கொண்டாள்.

"ஏய் பராக்கு, பாரு பாரு, உன் கதவு! அடேயப்பா, என்ன நீலம்!"

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் ஏதோ ஒரு கலங்கல் நகர்ந்தது.

"பச்சையாத்தாங்க இருக்கு," என்றாள்.

"வெளையாடாத. நல்லாப் பாரு. நீலம்."

"பச்சைங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சட்டென்று ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தலையை வெளியே நீட்டி, பின்னால் போய்க்கொண்டிருந்த கதவைப் பார்த்தார். ஒரு கண்ணைப் பொத்தினார். அதை எடுத்துவிட்டு மறு கண்ணைப் பொத்தினார். அதற்குள் பஸ் வெகுதூரம் வந்துவிட்டது.

"நெஜமாவா சொல்ற?" என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

"ம்," என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு.

மகள் வீடு வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. நடுநடுவே தன் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இருக்கவில்லை. வெளியே மஞ்சள் வயல் வந்திருக்கும், போயிருக்கும். அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை.